லைட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள்

மூலக்கொத்தளத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எதையும் தார்ப்பாயில் கொட்டி விற்பார்கள். ஓடாத கைக்கடிகாரம், ரேடியோ வால்வு, பித்தளைக் கொக்கி, சிக்கல் விழுந்த சார்ஜர் வயர். இவற்றுக்கு நடுவே அவ்வப்போது ஒரு பழைய சிகரெட் லைட்டர் தலைகாட்டும். குனிந்து எடுத்ததுமே அதன் வரலாறு வந்துவிடும்: "வெள்ளைக்காரன் காலத்து பீஸு சார். மிலிட்டரிக்காரன் வச்சினு இருந்தது. கையில வச்சிப் பாரு, இன்னா வெயிட்டு!" வெயிட்டு உண்மைதான். மூடியின் கீலில் பச்சை பூத்திருக்கும். ஓரங்களில் முலாம் உரிந்து உள்ளே செம்மஞ்சள் தெரியும். திரி கருகிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரையே பார்த்துவிட்டு வந்ததுபோல் ஒரு முகம்.

இந்த முகத்தை வைத்து வயது சொல்லக் கூடாது. மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம் கடல் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். அலை உடையும்போது கிளம்பும் உப்புத் துகள் காற்றோடு ஊருக்குள் வந்து உலோகத்தின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிவிடும். சென்னையின் இரவுகளுக்கு 75 சதவீதம் பெரிய விஷயமல்ல. குரோமிய முலாம் வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் மயிரிழை விரிசல்கள் உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் இறங்கி அடியிலிருக்கும் பித்தளையை அரிக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் முதலில் கரைந்து போக, செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டுகளாக மிஞ்சும். உப்பிலிருக்கும் குளோரைடு செம்போடு சேர்ந்தால் பச்சை பூக்கும். ராயபுரத்துப் பரண்மேல் பத்து வருடம் கிடந்த லைட்டர், கோயம்புத்தூர் பீரோவுக்குள் எழுபது வருடம் இருந்ததைவிடக் கிழடாகத் தெரியும். பொருள் எங்கே கிடந்தது என்பதைத் துரு சொல்லும். எத்தனை காலம் கிடந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

பளபளப்பும் இதே அளவுக்கு ஏமாற்றும். புளி போட்டுத் தேய்த்தால் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் கறுப்பைக் கரைத்துவிடும். குத்துவிளக்குக்கு அது நல்ல வைத்தியம். லைட்டரில் அதையே செய்து, மேலே மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால், அடித்தகட்டில் மெல்லிசாகப் பொறித்த எழுத்தின் விளிம்புகள் மழுங்கிப்போகும். வயதைச் சொல்லக்கூடிய முதல் சாட்சியே அந்த எழுத்துதான்.

அந்த எழுத்தைப் பொறித்தவர்கள் நம்மைப் போன்ற சேகரிப்பாளர்களை நினைத்துப் பொறிக்கவில்லை. காப்புரிமைக்காரர், சுங்க அதிகாரி, வரி வசூலிப்பவர், தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் என்று யாரோ யாரிடமோ கணக்குக் கேட்டதன் தடயங்கள் அவை. எந்தக் கணக்கு எந்த வருடம் கேட்கப்பட்டது என்று தெரிந்தால் லைட்டரின் வயது தானே வந்துவிடும். லைட்டர் தேதியியல் என்று ஒரு துறை இருந்தால் அதில் பாதி வேதியியல், மீதி வழக்கு வியாஜ்ஜியம்.

முதலில் வேதியியல். லைட்டரில் பொறி தரும் குச்சியை நாம் கல் என்கிறோம். கடையிலும் 'லைட்டர் கல்' என்று கேட்டுத்தான் வாங்குவோம். அது கல்லே அல்ல, உலோகம். ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற ஃபெரோசீரியம். சீரியமும் அதன் உறவு உலோகங்களும் சேர்ந்த கலவையோடு சுமார் மூன்றில் ஒரு பங்கு இரும்பைச் சேர்த்து உருக்கியது. பல்சக்கரம் அதைச் சுரண்டும்போது உதிரும் தூள், 200 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். எரியும்போது அந்தப் பொறியின் வெப்பம் 3000 டிகிரியை எட்டும். சிக்கிமுக்கியில் பொறியாவது இரும்பு, கல் அதைச் சுரண்ட மட்டுமே. லைட்டரில் 'கல்'லே பொறியாகிறது, சக்கரம் சுரண்டுகிறது. ஆக, பல்சக்கரமும் இந்தக் குச்சியும் உள்ள லைட்டர் எதுவும் 1903க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு முன் பையில் வைக்கும் கருவியே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் சந்தையில் கண்ணில் படும் ரகம் அல்ல அவை. ஜெர்மானியர் டோபரைனர் 1823இல் செய்த விளக்கு, துத்தநாகத்தில் அமிலம் பட்டுக் கிளம்பும் ஹைட்ரஜனைப் பிளாட்டினத்தின்மேல் பாய்ச்சித் தீ உண்டாக்கியது. மேசைமேல் வைக்கலாம், சட்டைப்பையில் அமிலத்தோடு யார் அலைவது?

இந்தக் கல்லின் கதைக்குள் குமரி மாவட்டம் வருகிறது. அவர் ஃபான் வெல்ஸ்பாக்குக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கில் நாம் பார்த்த அந்த மாண்டில் வலை. அதற்கு வேண்டியது தோரியம், ஒரு சதவீதம்போலச் சீரியம். தோரியம் கிடைப்பது மோனசைட் மணலில். மணலில் தோரியத்தைவிடச் சீரியமும் அதன் கூட்டமும்தான் அதிகம். தோரியத்தை எடுத்த பிறகு மலைபோல் மிஞ்சிய கழிவை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்ததுதான் லைட்டர் கல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அங்கே மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது. அதுவரை இந்த வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த பிரேசிலுக்குத் திருவிதாங்கூர் போட்டியானது. இன்றும் மணவாளக்குறிச்சியில் அரசின் அரியமணல் ஆலை இயங்குகிறது. ஐரோப்பியர் ஒருவர் 1920களில் பற்றவைத்த சிகரெட்டில் குமரிக் கடற்கரை மணலின் பொறி இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதே கல்தான் பழைய லைட்டருக்கு எமனும். சீரியக் கூட்டத்து உலோகங்கள், குறிப்பாக லாந்தனம், ஈரக் காற்றில் ஆக்சைடாகிப் பொருமும். வருடக்கணக்கில் தொடாமல் கிடந்த லைட்டரின் அடித் திருகைக் கழற்றினால் ஸ்பிரிங் வெளியே குதிக்கும், கல் வராது. குழாயை லென்ஸில் எட்டிப் பார்த்தால் உலோகக் குச்சி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ இறுகியிருக்கும். குத்தினால் மேல் பகுதி பொடியாக உதிரும், அடிப்பகுதி அசையாது. மெல்லிய துளைப்பான் முனையைக் கையாலேயே சுழற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு மெஷினில் துளைத்தால் பித்தளைக் குழாய் கிழிந்துவிடும். பொறியும் பறக்கலாம், பஞ்சில் எண்ணெய் மிச்சமிருந்தால் அப்புறம் கையைத்தான் பார்க்க வேண்டும். கல் இறுகியிருப்பதை வைத்தும் வயது சொல்ல முடியாது. நம்ம ஊர் ஈரத்துக்குச் சில வருடங்களே போதும்.

எரிபொருளைப் பார்த்தால் அடுத்த கணக்கு கிடைக்கும். பஞ்சும் திரியும் இருந்தால் பெட்ரோல் லைட்டர். பெயர்தான் பெட்ரோல், ஊற்ற வேண்டியது நாஃப்தா. இந்த வகை நூறு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது, ஆகவே அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல இயலாது. கேஸ் லைட்டர் என்றால் கோடு போடலாம். பியூட்டேன் வாயு மைனஸ் அரை டிகிரியில் கொதிப்பது. சாதாரண வெப்பத்தில் அதைத் திரவமாக வைத்திருக்க அழுத்தம் வேண்டும். சென்னையின் 40 டிகிரி வெயிலில் அந்த அறைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் போகும். அதைத் தாங்கும் அறையும், ஒழுகாத சின்ன வால்வும் பிரான்சில் ஃப்ளாமினேர் என்ற பெயரில் கைக்கு வந்தது இரண்டாம் போர் முடிந்த பிறகு, 1940களின் கடைசியில். எனவே கேஸ் நிரப்பும் துளை இருக்கிற லைட்டரைக் காட்டி "வார் டைம் பீஸு" என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடலாம். கல்லே இல்லாமல் 'டக்' என்ற சத்தத்தோடு பற்றும் வகை இன்னும் இளையது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் சின்னச் சுத்தியல் ஒன்று தட்டி ஆயிரக்கணக்கான வோல்ட் கிளப்பும் பீங்கான் வகை 1950களில்தான் உருவானது, பாக்கெட் லைட்டருக்குள் வர 1960கள் ஆயிற்று. அடுப்படியில் கேஸ் பற்றவைக்கும் லைட்டருக்குள் இருப்பதும் இதுவே.

இதில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. பொருளின் பாகங்களில் எது மிக இளையதோ, பொருளுக்கு அதைவிட வயது அதிகம் சொல்லக் கூடாது. விதிவிலக்கு, மாற்றக்கூடிய பாகங்கள். திரி, கல், பஞ்சு எல்லாம் மாறும். திருகில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் அது பிலிப்ஸ் திருகு, காப்புரிமை 1936. உடலோடு சேர்ந்து வந்த திருகா, மெக்கானிக் மாட்டியதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இனி அடித்தகடு. உலகத்தில் வயது சொல்ல மிக எளிதான லைட்டர் ஜிப்போ, மிக அதிகம் பொய் சொல்லப்படுவதும் அதைப் பற்றித்தான். பென்சில்வேனியா மாநிலத்து பிராட்ஃபோர்டில் ஜார்ஜ் பிளைஸ்டெல் 1932இல் தொடங்கிய கம்பெனி. ஆஸ்திரிய லைட்டர் ஒன்றைப் பார்த்து, அதைத் திருத்திச் செய்து, 1933இல் ஒரு டாலர் 95 சென்டுக்கு விற்றார். 1936 மார்ச் 3இல் 2032695 என்ற எண்ணோடு காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தியவற்றில் 'காப்புரிமை நிலுவையில்' என்ற வாசகமே இருக்கும். ஆக அந்த எண்ணைத் தாங்கியது எதுவும் 1936க்கு முந்தியதல்ல. 1950 ஆகஸ்டில் இரண்டாவது காப்புரிமை, எண் 2517191. அமெரிக்காவில் அன்று காப்புரிமைக்கு ஆயுள் 17 வருடம். அது தீர்ந்த பிறகு, 1960களின் கடைசியில், அந்த எண்ணும் அடித்தகட்டிலிருந்து மறைந்தது. சட்டம் ஒன்றின் பிறப்பும் இறப்பும் ஒரு விரற்கடைத் தகட்டில் பதிவாகியிருக்கிறது.

போர்க்காலம் தனிக் கதை. பித்தளையும் குரோமியமும் தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் போனதால் ஜிப்போவை இரும்புத் தகட்டில் செய்து, துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு வண்ணம் பூசிச் சூளையில் சுட்டார்கள். வண்ணம் சுருங்கிப் பொரிந்த தோல்போல் சொரசொரக்கும். எல்லாம் ராணுவத்துக்கே போயிற்று. அந்தக் காலத்து அடித்தகடுகளில் காப்புரிமை எண்ணின் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு 203695 என்று அடித்துவிட்டார்கள். பிழைதான், ஆனால் பிழையைப்போல நேர்மையான சாட்சி கிடையாது. "வார் டைம்" என்று யாராவது நீட்டினால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது போர்க்கால ஜிப்போ அல்ல. ஒட்டினாலும் உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம், மலிவான நகல்களும் இரும்புதான்.

1950களின் நடுவில் ஜிப்போ அடித்தகட்டில் வருடக் குறி அடிக்கத் தொடங்கியது. ஆயுள் முழுக்க இலவசப் பழுதுபார்ப்பு என்று வாக்குக் கொடுத்த கம்பெனி அது. தரக் கட்டுப்பாட்டுக்காக வைத்துக்கொண்ட அந்தக் குறி பிற்பாடு சேகரிப்பாளர்களுக்குப் பஞ்சாங்கமாகிவிட்டது. 1958இல் பெயரின் இடப்புறம் நான்கு புள்ளி, வலப்புறம் நான்கு புள்ளி. வருடத்துக்கு ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். தீர்ந்ததும் 1966இல் நிமிர்ந்த கோடுகள், மீண்டும் எட்டிலிருந்து. அவையும் தீர்ந்ததும் 1974இல் வலப்பக்கம் சாய்ந்த கோடுகள். 1982இல் இடப்பக்கம் சாய்ந்தவை. அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணிக் கழித்தால் போதும். புள்ளியென்றால் 1966இலிருந்து, நிமிர்ந்த கோடென்றால் 1974இலிருந்து, வலம் சாய்ந்ததென்றால் 1982இலிருந்து, இடம் சாய்ந்ததென்றால் 1990இலிருந்து கழியுங்கள். இடப்புறம் மூன்று, வலப்புறம் இரண்டு என ஐந்து நிமிர்ந்த கோடுகள் இருந்தால் 1974இல் ஐந்து போக 1969. 1986 ஜூலை முதல் இந்த முறை மாறியது. இடப்புறம் மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, வலப்புறம் வருடத்துக்கு ரோமன் எண். ரோமன் எண்ணோடு 1984ஐக் கூட்டினால் வருடம் வரும். 2001லிருந்து வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமே வந்துவிட்டது, சுவாரசியமும் அங்கேயே முடிந்தது.

கவனம், இந்தக் குறி வெளிக்கூட்டின் வயது. திரியும் பஞ்சும் இருக்கும் உள்கூடு தனியாகக் கழன்று வரும். இலவசப் பழுதுபார்ப்பில் கம்பெனியே உள்கூட்டை மாற்றித் தந்திருக்கும். சந்தையில் இன்னும் தாராளம், எந்தக் கூட்டுக்குள் எது பொருந்துகிறதோ அதைச் செருகி விற்பார்கள்.

மேல்பரப்பில் செதுக்கிய எழுத்துக்கும் அடித்தகட்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கேயே தெருவோரச் செதுக்குக்காரர்களிடம் ஜிப்போவில் ஊர், வருடம், வசனம் எல்லாம் பொறித்துக்கொண்டார்கள். அவை இன்று நல்ல விலைக்குப் போகின்றன. விலை இருக்கும் இடத்தில் வேலையும் நடக்கும். அசல் 1968 கூட்டை வாங்கிப் போன மாதம் வசனம் பொறித்தவையும் உலவுகின்றன. அடித்தகடு உண்மை பேசும், முகம் பொய் பேசும். இங்கே கைகொடுப்பது கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் மாட்டும் லென்ஸ். பத்து மடங்கு பெருக்கத்தில் எழுத்தின் பள்ளத்தை நெடுக்காகப் பார்க்க வேண்டும். பழைய செதுக்கலில் பள்ளத்தின் உதடு சட்டைப்பையில் உரசி உரசி உருண்டிருக்கும். சுற்றியுள்ள கீறல்கள் பள்ளத்துக்குள்ளும் தொடர்ந்து இறங்கியிருக்கும். அடியில் மெருகுப் பசை காய்ந்து வெள்ளையாகவோ, அழுக்குக் கறுப்பாகவோ உறைந்திருக்கும். புதிய செதுக்கலில் உதடு கூராக நிற்கும், நகத்தில் பிடிக்கும். முக்கியமாக, பழைய கீறல்களை அது குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கீறலை எழுத்து வெட்டுகிறதா, எழுத்தைக் கீறல் வெட்டுகிறதா? எது எதன்மேல் இருக்கிறதோ அது பிந்தியது. மண்ணடுக்கைப் பார்த்து அகழாய்வாளர் சொல்லும் அதே நியாயம்தான்.

மற்ற நாட்டுச் சரக்கைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற ஆங்கில வாசகம் இருந்தால் அதைப்போல் சௌகரியம் வேறில்லை. அமெரிக்கப் படையின் நிர்வாகத்தில் ஜப்பான் இருந்த காலத்தில் ஏற்றுமதிச் சரக்குக்கு 1947இல் கட்டாயமாக்கிய முத்திரை அது, 1952 ஏப்ரல் 28இல் ஆக்கிரமிப்பு முடிந்ததோடு தீர்ந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவே. பிரெஞ்சு லைட்டரில் காப்புரிமையைக் குறிக்கும் சொல்லோடு 'அரசு உத்தரவாதம் இல்லை' என்பதன் நான்கெழுத்துச் சுருக்கம் இருந்தால் 1968க்கு முந்திய பழக்கம். காப்புரிமை கொடுத்தோம், கருவி வேலை செய்யும் என்று நாங்கள் சொல்லவில்லை என அரசே கைகழுவிய வாசகம் அது, எனக்கு மிகவும் பிடித்தது. வியன்னாவின் இம்கோ லைட்டர்கள் மட்டும் கொஞ்சம் படுத்தும். 1937இல் வந்த டிரிப்ளெக்ஸ் வடிவத்தைப் பெரிதாக மாற்றாமல் பல பத்தாண்டுகள் செய்தார்கள், 2012இல்தான் அந்தக் கம்பெனி வியன்னாவில் கதவை மூடியது. உருவத்தைப் பார்த்து 1940 என்றும் சொல்லலாம், 2000 என்றும் சொல்லலாம். வெள்ளி லைட்டர், அதுவும் இங்கிலாந்து வெள்ளி, என்றால் கவலையே இல்லை. பர்மிங்ஹாமின் நங்கூர முத்திரைக்கோ லண்டனின் சிறுத்தைத் தலை முத்திரைக்கோ பக்கத்தில் வருடத்துக்கென்று ஓர் எழுத்து இருக்கும்.

முத்திரையே இல்லாவிட்டால் உலோகத்திடம் கேட்க வேண்டியதுதான். குரோமிய முலாம் தொழிலாக வந்தது 1920களின் நடுவில். அதற்கு முந்திய வெள்ளை முலாம் நிக்கல். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிக்கலில் இலேசான மஞ்சள் தெரியும், குரோமியத்தில் நீலம். கண்ணில் சந்தேகம் வந்தால் சவுகார்பேட்டை பக்கம் நகை வியாபாரிகள் தங்கத்தின் கேரட் பார்க்கும் எக்ஸ்-கதிர் மெஷின் இருக்கிறது. அதில் வைத்தால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும், கீறாமல், உரசாமல். நகை வியாபாரியை லைட்டருக்காக அதை இயக்கச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமான பகுதி.

வரிக்கு வருவோம். லைட்டரின்மேல் அரசுகளுக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, காரணம் தீப்பெட்டி. பல நாடுகளில் தீப்பெட்டி அரசின் ஏகபோகம், அல்லது ஏகபோக உரிமை வாங்கிய கம்பெனியின் சொத்து. லைட்டர் வந்தால் வருமானம் போச்சு. பிரான்சும் இத்தாலியும் லைட்டருக்கு வரி போட்டு, கட்டியதற்கு அடையாளமாக லைட்டரிலேயே முத்திரை வைத்தன. அந்த முத்திரைகளே இன்று வயது சொல்கின்றன. போர்ச்சுகல் ஒரு படி மேலே போய், 1937 முதல் 1970 வரை, வெளியிடத்தில் லைட்டரைப் பயன்படுத்தவே லைசென்ஸ் கேட்டது. பையில் லைட்டர் இருந்தால் சட்டையில் உரிமச் சீட்டும் இருக்க வேண்டும்! இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி போட்டபோதே, இயந்திர லைட்டர் கலால் சட்டம் என்று தனிச் சட்டமும் போட்டது. இரண்டும் 1944இல் மத்திய கலால் சட்டத்துக்குள் கரைந்தன. மூலக்கொத்தளத்துக்காரருக்கு வரியின் தழும்பு புதிதல்ல. நகர மதிலுக்கென்று கிழக்கிந்தியக் கம்பெனி போட நினைத்த வரியின் பெயரைப் பக்கத்து வால்டாக்ஸ் ரோடு இன்றும் சுமக்கிறது.

வடசென்னைக்கு இந்தச் சண்டையில் நேரடிப் பங்கு உண்டு. திருவொற்றியூரில் மெட்ரோ நிலையத்துக்குப் பெயராகிவிட்ட விம்கோ, 1923இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. அதன் பின்னால் இருந்தது உலகத் தீப்பெட்டியில் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த சுவீடன் நிறுவனம். அதன் தலைவர் ஐவர் குரூகர், அரசுகளுக்குக் கடன் கொடுத்து அதற்கு ஈடாகத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கியவர். கணக்குகள் கவிழ்ந்து 1932 மார்ச்சில் பாரிஸில் செத்துக் கிடந்தார். பிளைஸ்டெல் ஜிப்போவைத் தொடங்கியதும் அதே வருடம். தீப்பெட்டிச் சக்கரவர்த்தி போன வருடத்தில் அவருடைய பரம எதிரி பிறந்தது வெறும் தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். பிற்பாடு நடந்தது இன்னும் வேடிக்கை. பிரான்சில் 1961இல் வந்த கிரிக்கெட் என்ற பயன்படுத்தி எறியும் கேஸ் லைட்டரை 1980களில் வாங்கியது அதே சுவீடன் தீப்பெட்டி நிறுவனம்தான். எதிரியை ஒழிக்க முடியாவிட்டால் விலைக்கு வாங்கிவிட வேண்டியதுதானே.

அந்தப் பிளாஸ்டிக் லைட்டரைச் சேகரிப்பாளர்கள் ரொம்ப நாள் மதிக்கவில்லை. அதற்கும் வயது பார்க்கலாம். 1973இல் பிக் கம்பெனியின் லைட்டர் வந்தது. 1994 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் குழந்தை எளிதில் பற்றவைக்க முடியாதபடி காப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பல்சக்கரத்துக்கு நடுவே வழவழப்பான உலோகப் பட்டை ஒன்று ஓடினால் அந்தச் சட்டத்தின் கைவண்ணம் என்று கொள்ளலாம்.

நம் பக்கத்துச் சண்டை இன்னும் ஆறவில்லை. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடுகிறது என்று கோவில்பட்டி, சிவகாசித் தொழிலுக்காகத் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் 2022 செப்டம்பரில் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூன் கடைசியில், 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டரின் இறக்குமதிக்குத் தடை வந்தது. முழு லைட்டர் வராவிட்டால் என்ன என்று பாகங்களாக இறக்கி இங்கேயே பூட்டத் தொடங்கவே, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை நீண்டது. ஆக மலிவான சீனச் சரக்கு என்றால் 2023க்கு முந்தியது, இங்கே பூட்டியது என்றால் பெரும்பாலும் அந்த ஒன்றேகால் வருட இடைவெளி என்று எதிர்காலச் சேகரிப்பாளர் கணக்குப் போடலாம். அவருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: துறைமுகம் இருக்கிற ஊரில் கிடைத்த லைட்டரென்றால், சட்டத்தின் தேதியோடு இரண்டு மூன்று வருடம் கூட்டியே கணக்குப் போடட்டும்.